திரிந்துபோன கறுப்பு

சத்தி ரோட்டில் ஆனி மாதத்துக் காற்று குறுக்கே அடித்தால், எம்.எய்ட்டி மொபெட் சரவணம்பட்டிக்குப் போகிறதா சூலூருக்குப் போகிறதா என்று ஓட்டுகிறவனுக்கே சந்தேகம் வந்துவிடும். ஆஸிமுக்கு வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த தெய்வாத்தாளுக்கு அந்த மாதிரிச் சந்தேகமெல்லாம் கிடையாது. வண்டி இன்னும் கணபதியைத் தாண்டவில்லை, அவள் மனசு அதற்குள் போய்ச் சேர்ந்து கேட்டைத் தட்டிக்கொண்டிருந்தது.

“அக்கா, முதுகுல குத்தறதை நிறுத்துங்க. அது ஆக்சிலேட்டர் இல்லீங்க.”

“சாயந்திரம் போலீஸ் ஜீப்பு வந்து ஒருத்தனை ஏத்தீட்டுப் போயிரும். பேசாம ஓட்டு.”

தெய்வாத்தாள் பொள்ளாச்சிக்காரி. சப் இன்ஸ்பெக்டராக இருந்தவள். மேலிடம் மூடச் சொன்ன கேஸ்களை மூடத் தெரியாததால் வேலையை விட்டுவிட்டு, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பல் டாக்டரின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். கீழே பல்லைப் பிடுங்குகிறார்கள், மேலே உண்மையைப் பிடுங்குகிறார்கள் என்பது ஆஸிமின் விளம்பர வாசகம். ஆஸிம் அவளுடைய உதவியாளன், கோட்டைமேட்டுக்காரன். மூளைக்குச் சம்பளம், வாய் இலவசம் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

காலையில் ஆபீஸைத் திறக்கப் போனபோது மாடிப்படியில் நித்யஸ்ரீ உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட டீச்சர். அவள் கணவன் கதிர்வேல், சரவணம்பட்டியில் பொங்கியண்ணன் என்பவரின் ரெசின் கம்பெனியில், அதாவது செயற்கைப் பிசின் செய்கிற இடத்தில், ஆராய்ச்சி வேலை பார்க்கிறான். கம்பெனிக்காக அவன் பாடுபட்டுச் செய்த ஒரு கறுப்புத் திரவம் திடீரென்று கெட்டுப்போய்விட்டது. வெறும் கரியைக் கரைத்து ஊற்றி மோசடி செய்துவிட்டான் என்று முதலாளி போலீசுக்குப் போய்விட்டார். இன்று சாயந்திரம் வந்து கூட்டிக்கொண்டு போவதாக இன்ஸ்பெக்டர் சொல்லியனுப்பியிருக்கிறார்.

“ஜெயிலுக்குக்கூட அவரு பயப்படலீங்க. பொய்யன்னு பேரு வாங்கறதுக்குத்தான் பயப்படறாரு. ராத்திரியெல்லாம் தூங்கறதில்லைங்க” என்றாள் நித்யஸ்ரீ. பேசிய நேரம் முழுவதும் கைப்பையை மடியிலிருந்து கீழே வைக்கவேயில்லை. தெய்வாத்தாள் அதைக் கவனித்தாள். கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டுப் பஸ்ஸில் கம்பெனிக்கு வந்துவிடு கண்ணு என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

*

கம்பெனியின் பின்பக்கம், ஷெட்டை ஒட்டிய சின்ன அறைதான் ஆராய்ச்சிக்கூடம். கதிர்வேல் முகத்தில் ஒரு வாரத்துத் தாடி. மேஜையில் ஒரு கண்ணாடி பாட்டில், கழுத்துவரை திரவம். மேலே அழுக்குத் தண்ணீர், அடியில் கறுப்புக் கறுப்பாகக் கட்டி. மோர் திரிந்துபோனால் இருப்பதுபோல இருந்தது. தெய்வாத்தாள் குலுக்கினாள். கொஞ்ச நேரம் கறுப்பாயிற்று, பிறகு மறுபடியும் கட்டிகள் நிதானமாகக் கீழே போய் உட்கார்ந்துகொண்டன.

அது முன்பு எப்படி இருந்தது என்று கேட்டதும் கதிர்வேலுக்கு உயிர் வந்தது. ஸ்பின்னிங் மில்லில் ரோலர்கள் ஓடும்போது ஸ்டாட்டிக் கரண்ட் உண்டாகிப் பஞ்சு அதில் சுற்றிக்கொள்ளும். ரோலரின் ரெசினில் கரண்ட் கடத்துகிற கார்பனைக் கலந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. இப்போது நானோ குழாய் என்று ஒன்று வெளிநாட்டில் வந்திருக்கிறது. தலைமுடியைப் பல்லாயிரம் கூறாகக் கிழித்தால் வரும் தடிமன். ஒரு சிட்டிகை போதும். ஆனால் அந்தச் சிட்டிகை ரெசின் முழுக்கச் சமமாகப் பரவ வேண்டும். அங்கேதான் வம்பு. அந்தக் குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவே பிறந்தவை, வாராத தலை மாதிரி சிக்குப் போட்டுக்கொள்ளும். கரண்டியால் கலக்கினால் ஒன்றும் நடக்காது. அல்ட்ராசோனிக் தொட்டியில் வைத்து, காதுக்குக் கேட்காத சத்தத்தால் அதிர வைத்துச் சிக்கெடுக்க வேண்டும்.

“சிக்கெடுக்கறது சுலபமுங்க மேடம். பிரிச்சது மறுக்கா சேராம வெக்கறதுதான் கஷ்டம். அதுக்கு ஒரு சோப்பு மாதிரி மருந்து சேர்க்கறோம். ஒவ்வொரு குழாயையும் அது சுத்திப் போர்த்திக்கும், ஒண்ணையொண்ணு கிட்ட விடாது.”

“எங்கூட்டுல அது தலைகீழுங்க” என்றான் ஆஸிம். “அண்ணன் தம்பியைச் சேர்த்து வெக்கறதுக்குத்தான் சோப்புப் போடறோம்.”

கதிர்வேல் சிரிக்கவில்லை. அந்தத் திரவம் இரண்டு மாதம் காப்பி டிகாஷன் மாதிரி ஒரு பொட்டுக்கூட அடியில் தங்காமல் நின்றது, முதலாளியே வருகிறவர்களுக்கெல்லாம் தூக்கித் தூக்கிக் காட்டினார் என்றான். போன வாரம் ஒரு நாள் டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துபோய், காலிக் கேனை எடுத்துக்கொண்டு காந்திபுரம் போயிருக்கிறான். அறையைப் பூட்டிவிட்டுத்தான் போனான். மறுநாள் காலையில் பார்த்தால் இந்தக் கோலம். நானோ குழாய் முழுவதும் இதில்தான் போட்டிருந்தது, மறுபடி செய்து காட்டவும் வழியில்லை.

தெய்வாத்தாள் அறைக்குள் நடந்துகொண்டேயிருந்தாள். ஜன்னல் காற்றில் அடித்து அடித்துத் திறந்தது. யாரோ பாட்டிலையே மாற்றி வைத்துவிட்டார்கள் என்றான் ஆஸிம். இல்லை, ரப்பர் மூடியும் பாட்டிலின் கீறலும் தன்னுடையவைதான் என்றான் கதிர்வேல். அப்படியானால் வேண்டாதவன் எவனோ எதையோ ஊற்றிக் கெடுத்திருக்கிறான் என்றான் ஆஸிம்.

“பாட்டில் அன்னிக்கும் இதே அளவுதான் இருந்துதுங்களா?” என்று கேட்டாள் தெய்வாத்தாள்.

கழுத்துவரை இருந்தது, துளி குறையவில்லை என்றான் கதிர்வேல்.

“ரொம்பிக் கெடக்கற பாட்டில்ல எதையாச்சும் ஊத்துனா வழிஞ்சிருக்கோணும் ஆஸிம். வழியலை. அப்ப என்ன அர்த்தம்? ஊத்தறதுக்கு முன்னால எடுத்திருக்கறான். இது கெடுக்க வந்தவன் வேலை இல்லை. பால்காரன் வேலை. பாதியை எடுத்துப்போட்டு, தெரியாம இருக்கத் தண்ணி ஊத்தி ரொப்பியிருக்கறான்.”

தானும் பாட்டிலை எடுத்துக் குலுக்கிப் பார்த்ததில் ஆஸிமின் கையெல்லாம் கறுப்பு. பின்னால் இருந்த போர்வெல் குழாயில் போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தான். கறுப்பும் போகவில்லை, நுரையும் வரவில்லை. வெள்ளை வெள்ளையாகப் பிசுக்குதான் கையில் ஒட்டிக்கொண்டது.

“அக்கா, இந்தத் தண்ணியில சோப்பு தயிராப் போகுது. இவங்க வேலைக்கு வரும்போதே ஊட்டுல இருந்து குளிச்சுப்போட்டு வந்தரோணும் போல.”

தெய்வாத்தாள் நடப்பதை நிறுத்தினாள். அவன் கையைப் பிடித்து இழுத்து, அந்தப் பிசுக்கையே பார்த்தாள். அப்புறம் பாட்டிலைப் பார்த்தாள்.

“தம்பி, உங்க மருந்தும் சோப்பு மாதிரின்னு சொன்னீங்களே. உப்புத்தண்ணி பட்டா அதுவும் இப்படித்தானுங்களா?”

கதிர்வேல் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். ஆமாம். உப்புத்தண்ணீர் பட்டால் மருந்து திரிந்து, குழாய்கள் போர்வை இழந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் போர்த்தண்ணீரை இந்த அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்று போர்டே எழுதி மாட்டியிருக்கிறான், கம்பெனியில் எல்லாருக்கும் அது தெரியும். தண்ணீர் விஷயத்தையே அவன் யோசிக்காமல் இருந்ததற்குக் காரணமும் அந்த நம்பிக்கைதான்.

“தெரிஞ்சும் எவன் ஊத்துவான்?” என்றான் ஆஸிம்.

“தெரிஞ்சவன் ஊத்த மாட்டான். நல்லதண்ணின்னு நெனச்சு ஊத்தியிருக்கறான்.” அவள் கதிர்வேல் பக்கம் திரும்பினாள். “இந்தக் காம்பவுண்டுக்குள்ள நல்லதண்ணி எங்கீங்க இருக்குது?”

அவன் கையைக் காட்டினான். முதலாளி அறையில் ஒரு எவர்சில்வர் டிரம் இருக்கிறது. ஆர்.எஸ்.புரத்து வீட்டிலிருந்து தினமும் காரில் வரும் சிறுவாணித் தண்ணீர். கொண்டுவந்து ஊற்றுகிற டிரைவரை விட்டால், முதலாளியும் மருமகன் கிருபாசங்கரும் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது. ஆராய்ச்சி அறையின் இன்னொரு சாவியும் அங்கேதான் தொங்குகிறது.

அவன் சொல்லி முடிப்பதற்குள் தெய்வாத்தாள் பாதி வழி போய்விட்டிருந்தாள்.

*

பொங்கியண்ணன் நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. அவரும் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தார். கோவைக்காரருக்குக் கோபம் வந்தாலும் வந்தவருக்குக் காப்பி கொடுக்காமல் இருக்க முடியாது. அவரும் டிரைவர் மாசாணத்தைக் கூப்பிட்டுக் காப்பி போடச் சொன்னார்.

“சிறுவாணித் தண்ணியில போட்ட காப்பிங்க அம்மணி. இந்த உப்புக்காட்டுல உங்களுக்கு வேற எங்கயும் கெடைக்காது. நானெல்லாம் போர்த்தண்ணி ஒரு வாய் குடிச்சாக் கண்டுபுடிச்சுருவனுங்க” என்றார்.

காப்பியைக் கொடுத்துவிட்டு மாசாணம் கெட்டிலைக் கழுவ எடுத்தான். தெய்வாத்தாள் அவன் கையிலிருந்து அதை வாங்கி உள்ளே பார்த்தாள். அடியிலும் பக்கத்திலும் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள், பொருக்குப் பொருக்காக வந்தது. சிறுவாணித் தண்ணீரை வருஷம் பூராவும் காய்ச்சினாலும் பாத்திரத்தில் இப்படிப் படியாது. அது ஆர்.எஸ்.புரத்தில் பாத்திரம் கழுவுகிற எல்லாருக்கும் தெரியும். பொங்கியண்ணன் பாத்திரம் கழுவியதில்லை.

“மாசாணம், இந்தத் தண்ணி எங்க புடிச்சது?” என்று அவள் மெதுவாகத்தான் கேட்டாள். போலீஸ்காரி மெதுவாகக் கேட்டால் அதற்கு வேறு பலன் உண்டு.

அவன் முதலாளியைப் பார்த்தான், டிரம்மைப் பார்த்தான், கடைசியில் தரையைப் பார்த்தான். சிறுவாணி அணையில் தண்ணீர் இறங்கியதிலிருந்து ஆர்.எஸ்.புரத்துக் குழாயில் எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியவில்லை. காத்துக்கொண்டு நின்றால் காரை எடுக்க நேரமாகிறது என்று திட்டு விழுகிறது. அதனால் சித்திரையிலிருந்து இங்கேயே, பின்னால் இருக்கிற போரில்தான் பிடித்து ஊற்றிக்கொண்டிருக்கிறான்.

“மொத நாளே சொல்லிப்போடலாம்னுதானுங்க இருந்தேன். அய்யா ஒரு வாய் குடிச்சுப்போட்டு, சிறுவாணின்னா சிறுவாணிதாண்டான்னு சொல்லிப்போட்டீங்க. அதுக்கு மேல நான் எப்படீங்க சொல்றது?”

ஆஸிம் காப்பி டம்ளரால் வாயை மூடிக்கொண்டான். பொங்கியண்ணனின் முகம் சிவந்தது. ஆனால் அவர் மாசாணத்தைத் திட்டவில்லை. அது தெய்வாத்தாளுக்கு வேடிக்கையாக இருந்தது. அவர் பார்வை டிரம்மைவிட்டு நகரவில்லை.

அந்த நேரம் பார்த்து நித்யஸ்ரீ வந்து சேர்ந்தாள், பின்னாலேயே கதிர்வேலும். நடந்ததை ஆஸிம் அவளுக்கு இரண்டே வாக்கியத்தில் சொன்னான். தண்ணீரால்தான் திரிந்தது என்று தெய்வாத்தாள் முதலாளியிடம் சொன்னபோது, அதெல்லாம் கதை, நல்ல சரக்காக இருந்தால் தண்ணீர் பட்டதற்கெல்லாமா கெட்டுப்போகும் என்றார் அவர். ஆனால் குரலில் முன்பிருந்த வேகம் இல்லை. காட்டுவதற்கு நல்ல சரக்கு ஒரு சொட்டு இருந்தால் போதும். அதுதான் இல்லையே என்று கதிர்வேல் தலையில் கை வைத்தான்.

நித்யஸ்ரீ கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டையில் சுற்றிய ஒரு டெஸ்ட் ட்யூப். உள்ளே கன்னங்கரேலென்று திரவம், ஒரு பொட்டுக்கூட அடியில் தங்காமல்.

கதிர்வேலின் முகத்தில் ரத்தமே இல்லை. முதல்முதலாகத் திரவம் சரியாக வந்த அன்று, பெண்டாட்டிக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் ஒரு ட்யூபில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அதைச் சாக்கடையில் ஊற்றிவிடச் சொல்லி ஒரு வாரமாக அவளிடம் கெஞ்சியிருக்கிறான். ஊற்றிவிட்டதாகச் சொல்லிவிட்டு அவள் வைத்திருந்திருக்கிறாள்.

“பார்த்தீங்களா அம்மணி” என்று பொங்கியண்ணன் குரலை உயர்த்தினார். “கம்பெனிச் சரக்கை ஊட்டுக்குக் கொண்டுபோயிருக்கறான். இதுக்கு மேல என்னங்க சாட்சி வேணும்?”

தெய்வாத்தாள் நித்யஸ்ரீயைப் பார்த்தாள். “இது ஒண்ணுதான் இருக்குது கண்ணு. ஊத்துனா திரும்ப வராது. நான் நெனச்சது தப்பாப் போச்சுன்னா, இதுவே உம்பட ஊட்டுக்காரருக்கு எதிரா நிக்கும்.”

“ஊத்துங்க அக்கா” என்றாள் நித்யஸ்ரீ. ட்யூபை அவளே நீட்டினாள்.

இரண்டு கண்ணாடி டம்ளர் வந்தது. ட்யூபில் இருந்ததைத் தெய்வாத்தாள் பாதி பாதியாக ஊற்றினாள். ஒன்றில் டிரம்முத் தண்ணீர். இன்னொன்றில் நித்யஸ்ரீயின் பள்ளிக்கூட வாட்டர் பாட்டிலிலிருந்து. அவர்கள் வீட்டுத் தெருவில் குழாயில் தண்ணீர் வரும்வரை குடத்தோடு காத்திருந்து பிடித்த சிறுவாணி. இரண்டும் முதலில் ஒரே கறுப்பாகத்தான் நின்றன. ஜன்னல் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. கதிர்வேல் கண்ணை மூடிக்கொண்டான், நித்யஸ்ரீ மூடவில்லை.

காப்பி ஆறுவதற்குள் முதல் டம்ளரில் துகள் துகளாகக் கட்டி விழ ஆரம்பித்தது. ஓரத்தில் தண்ணீர் தெளிந்தது. இரண்டாவது டம்ளர் அசையாமல், ஒரே சீராக, கறுப்பாகவே நின்றது.

“அப்ப எடுத்தது கிருபாசங்கருங்களா?” என்று ஆஸிம் கேட்டான். “மாசாணத்துக்கு இது போர்த்தண்ணின்னு தெரியும், அதை விட்டா இந்த டிரம்மைத் தொடறது ரெண்டே பேரு. ஒருத்தரு முதலாளி. அவரு சரக்கை அவரே எதுக்குங்க திருடறாரு?”

கேள்வி நியாயமானதுதான். மருமகன் ஊரிலும் இல்லை, பெங்களூர் போயிருக்கிறான். பொங்கியண்ணன் அப்படியே விட்டிருந்தால் பழி அவன் தலையில் போய் உட்கார்ந்திருக்கும். தெய்வாத்தாள் அவருக்கு அந்த வசதியைக் கொடுக்கவில்லை.

“ஏனுங்கண்ணா, ஒண்ணு கேக்கறேன். இந்தச் சரக்கு ரெண்டு மாசம் நல்லா நின்னதை உங்க கண்ணாலயே பார்த்தீங்க. ஒரு நாள் காலையில திரிஞ்சு கெடக்குது. வேற யாரா இருந்தாலும், அய்யோ எம்பட நல்ல சரக்கை எவனோ மாத்திப்போட்டான், அது எங்கேன்னு தேடுவாங்க. நீங்க ஒரு நாள்கூடத் தேடலை. மொதல்ல இருந்தே அது பொய்ச் சரக்குன்னு எழுதிக் கொடுத்தீங்க. எடுத்தவன் வேற ஆளுன்னா நீங்க தேடியிருப்பீங்க. பாட்டில்ல இருந்து என்ன போச்சு, எங்க போச்சுன்னு உங்களுக்கு முன்னாலயே தெரியும். அதனாலதான் தேடலை.”

பொங்கியண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று முழுவதும் அவர் உட்கார்ந்தது அப்போதுதான்.

“என் கம்பெனி பூராவும் இவன் தலைக்குள்ள இருக்குதுங்க அம்மணி. நாளைக்கு இவனை அமெரிக்காக்காரன் கூப்புட்டா நான் என்ன பண்றது? உள்ள என்னதான் இருக்குதுன்னு தெரிஞ்சுக்கலாம்னு பாதியை எடுத்து மாப்பிள்ளை கையில பெங்களூருக்குக் குடுத்தனுப்புனேன். அங்க ஒருத்தரு ஆராய்ஞ்சு சொல்றேன்னாரு. காலையில வந்து பார்த்தா இது திரிஞ்சு கெடக்குது. என் தண்ணி நல்லதண்ணி, அப்ப சரக்குத்தான் பொய்யின்னு நெனச்சேன். நெசமாலுமே இவன் என்னை ஏமாத்திப்போட்டான்னுதானுங்க நெனச்சேன். நான் எடுத்ததை எப்படீங்க வெளிய சொல்றது?”

திருடினவரே, திருட்டுக் கொடுத்ததாக மனசார வயிறெரிந்த கதை. தெய்வாத்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு வாரம் ஒரு மனுஷன் தூங்கவில்லையே என்று கோபம். பெங்களூரில் மருமகன் தங்கியிருந்த லாட்ஜுக்கு எஸ்.டி.டி. போடச் சொன்னாள். கிருபாசங்கர் லைனில் வந்ததும், அங்கே இருப்பது எப்படி இருக்கிறது என்று மட்டும் மாமனாரைக் கேட்கச் சொன்னாள். அவர் கேட்டார். காதில் வைத்தபடியே கதிர்வேலை நிமிர்ந்து பார்த்தார்.

“கொண்டுபோனப்ப எப்படி இருந்துதோ அப்படியே இருக்குதாம்” என்றார். “துளிகூடத் தங்கலையாம்.”

கதிர்வேல் சுவரில் சாய்ந்தான். நித்யஸ்ரீ அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பொங்கியண்ணன் எழுந்து வந்து, நடந்தது நடந்துபோச்சு தம்பி, சம்பளத்தை ஏத்திடலாம், கேசை வாபஸ் வாங்கிக்கறேன், ஏதோ தவறு நடந்துபோச்சுன்னு சொல்லிக்கலாம் என்று ஆரம்பித்தார். கதிர்வேல் தலையை ஆட்டக்கூடத் தயாராகத்தான் இருந்தான். அவன் அப்படிப்பட்டவன். நித்யஸ்ரீதான் குறுக்கே வந்தாள்.

“இவரு பொய்யன்னு நீங்க பேரைச் சொல்லித்தானுங்க எழுதிக் குடுத்தீங்க. இப்பவும் பேரைச் சொல்லியே சொல்லுங்க.”

ஜீப் கிளம்புகிற நேரம். தெய்வாத்தாள் ஸ்டேஷன் நம்பரைச் சுழற்றி ரிசீவரை அவர் கையில் கொடுத்தாள். அவர் திரும்பி நின்றுகொண்டு, வாயைக் கையால் பொத்தியபடி தணிந்த குரலில் ஏதோ சொன்னார். காற்றில் லைன் கரகரத்தது. அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னார், அப்போதும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் காற்றின் வேகத்தில் கரண்ட் போயிற்று. ஷெட்டில் ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றன, ஆட்கள் வெளிக்காற்றுக்காக முதலாளி அறை வாசல்வரை வந்தார்கள். இன்ஸ்பெக்டர் மறுபடியும், யாரு, என்னங்க சொல்றீங்க என்று கத்துவது ரிசீவரைத் தாண்டிக் கேட்டது.

பொங்கியண்ணன் வாசலில் நின்ற ஆட்களைப் பார்த்தார். நித்யஸ்ரீயைப் பார்த்தார். பிறகு வாயிலிருந்து கையை எடுத்தார்.

“பொங்கியண்ணன் பேசறனுங்க. ஆமாங்க, ரெசின் கம்பெனி முதலாளி பொங்கியண்ணன். கதிர்வேல் பொய்ச் சரக்கு செய்யலைங்க. பாட்டில்ல இருந்து எடுத்தது நானுங்க. இல்லீங்க, மருமகன் இல்லைங்க, நான். நானேதான் எடுத்தனுங்க.”

கதிர்வேல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதான். நித்யஸ்ரீ அழவில்லை. இன்ஸ்பெக்டர் சரியென்று சொல்லி, பொங்கியண்ணன் போனைக் கீழே வைக்கும்வரை அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.